பாலசிங்கத்தின் நரிக்குட்டி அப்பிள்

ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் தமிழர்களிடம் பாலசிங்கத்தைப் பற்றிக் கேட்டால், அவர் குடிக்கமாட்டார் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். நோர்வேயின் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த இளமைக் காலத்திலேயே அப்படித்தான். கூட இருந்த பெடியன்கள் சனிக்கிழமைகளில் போத்திலைத் திறந்தால், இவர் அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் சேர்த்துக் கோழிக்கறி வைப்பார். ஒஸ்லோவுக்கு வந்த பிறகு, கலியாண வீடுகளில் ஆண்கள் மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகத் தங்கள் கார்த் திறப்பை, அதாவது சாவியை, இவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். விழா முடியும்போது யாருடைய காரை மனைவி ஓட்டுவது, யாருடைய கார் அங்கேயே நிற்பது என்று தீர்மானிப்பவர் பாலசிங்கம். அந்தத் தீர்ப்பை யாரும் எதிர்த்துக் கதைத்ததில்லை.

இதில் அவருக்கு விரதமோ கொள்கையோ கிடையாது. அந்த மணம் பிடிக்காது, அவ்வளவுதான். ஆனால் முப்பது வருடங்களுக்கு மேலாக ஒருவர் ஒன்றைச் செய்யாமல் இருந்தால் ஊர் அதைக் கொள்கை என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

ஒஸ்லோவில் அவர் குரோருட்டிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டடப் பராமரிப்பு வேலை பார்த்தார். உடைந்த பூட்டைத் திருத்துவதும் சூடேறாத அறையைச் சூடேற்றுவதும் விடியற்காலையில் வாசல் பனியைத் தள்ளுவதும் அவர் பாடு. ஓய்வு பெறும் நேரம் வந்தபோது, என்ன பரிசு வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். அப்போதுதான் அவரும் மனைவி இந்திராதேவியும் அம்மருட் அடுக்குமாடி வீட்டை விற்றுவிட்டு, மோர்டென்ஸ்ருட்டில் சின்னத் தோட்டத்தோடு ஒரு வரிசை வீட்டுக்கு மாறியிருந்தார்கள். ஒரு மரம் தாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

பிரியாவிடை நாளில் விஞ்ஞான ஆசிரியை ஹன்னா, வேரைச் சாக்குத் துணியால் சுற்றிய ஓர் அப்பிள் கன்றைக் கொண்டுவந்தாள். பார்ப்பதற்கு நட்டுவைத்த கைத்தடி போலத்தான் இருந்தது. அவளுடைய தாயார் இங்கிலாந்தின் மேற்குப் பக்கம், ஹெர்ஃபோர்ட்ஷயர்க்காரி. அந்தப் பக்கத்துப் பழைய இன அப்பிள் இது, தானே ஒட்டுக்கட்டி வளர்த்தேன் என்று தொடங்கி ஹன்னா நீளமாக என்னவோ விளக்கினாள். பக்கத்து அறையில் பிள்ளைகள் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். கோப்பி இயந்திரம் உறுமியது. பாலசிங்கத்துக்குப் பாதிக்கு மேல் காதில் விழவில்லை. "யா, யா, மிக நல்லது" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லித் தலையாட்டினார். அவள் கண்கலங்கிக் கட்டிப்பிடித்தாள். அதற்கும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் துஷ்யாவிடம் கன்றில் தொங்கிய பெயர்ச்சீட்டைக் காட்டினார். அதில் 'ஃபொக்ஸ்வெல்ப்' என்று எழுதியிருந்தது.

"ஃபொக்ஸ் எண்டா நரி. வெல்ப் எண்டா குட்டி" என்றாள் துஷ்யா. "நரிக்குட்டி, அப்பா."

"அப்பிளுக்கு ஏன் உந்தப் பேர்?"

"எனக்கென்ன தெரியும். குடுத்த ஆளைக் கேளுங்கோ."

அவர் கேட்கவில்லை. அத்தனை தரம் தலையாட்டிவிட்டு இனி என்னவென்று போய்க் கேட்பது?

கன்றை எங்கே நடுவது என்பதில் புருசன் பெண்சாதிக்குள் இரண்டு நாள் இழுபறி. அந்தத் தோட்டத்தில் வெயில் நன்றாக விழுவது தெற்குச் சுவரோரம் மட்டும்தான். இந்திராதேவி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். வேலையால் வந்து காலை நீட்டி வெயில் காய்வதற்கு அந்த இடத்தைக் குறித்து வைத்திருந்தார்.

"மரத்துக்கு வெயில் வேணும்" என்றார் பாலசிங்கம்.

"எனக்கு வேண்டாமே?"

"நீர் அங்காலை இங்காலை போகலாம். மரம் போகுமே?"

கன்று சுவரோரத்துக்குப் போனது. அந்த மலைச்சரிவில் ஒரு முழம் தோண்டினால் பாறை. இரும்பு அலவாங்கைப் போட்டுக் கிளறி, கல்லை எல்லாம் வாளி வாளியாக அள்ளி எறிந்து, நல்ல மண் வாங்கிக் கொட்டி நட்டு முடித்தபோது அவருக்கு முதுகு நிமிரவில்லை. இந்திராதேவிதான் எண்ணெய் பூசிவிட்டார். "வெயிலும் போச்சு, இதுவும் என்ரை தலையிலை" என்றபடியே பூசினார்.

முதல் பனிக்காலத்திலேயே காட்டிலிருந்து மான்கள் வந்தன. மோர்டென்ஸ்ருட் வீடுகளுக்குப் பின்னால் காடு தொடங்கிவிடும். பனி ஆழமானால் அவை வீட்டு வாசல்வரை வந்து வாயில் அகப்பட்டதைக் கடிக்கும். ஒரு காலை, பாலசிங்கம் திரையை விலக்கிப் பார்த்தபோது மான் ஒன்று கன்றின் நுனியைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. அவர் ஜன்னலைத் திறந்து நோர்வேஜிய மொழியில் அதட்டினார்.

"ஏன் அதோடை நொஷ்க்கிலை கதைக்கிறியள்?" என்றார் இந்திராதேவி.

"தமிழிலை சொன்னா அதுக்கு விளங்குமே?"

அன்றே கம்பிவலை வாங்கி வந்து கன்றைச் சுற்றி ஆளுயரத்துக்கு வேலி போட்டார். கடிபட்ட இடத்திலிருந்து வசந்தத்தில் இரண்டு கிளை வெடித்தது. அதைப் பார்த்த பிறகு மான்மேல் இருந்த கோபமும் குறைந்தது. வேலி மட்டும் குறையவில்லை. வருடாவருடம் உயர்ந்துகொண்டே போனது.

நாலாம் வருடம் மே மாதக் கடைசியில் மரம் பூத்தது. மொட்டு கடும் இளஞ்சிவப்பு, விரிந்தால் வெள்ளை. பாலசிங்கம் கோப்பிக் குவளையோடு போய் அதன் முன்னால் நின்றால் கோப்பி ஆறிப்போகும். உருண்டையான பெரிய வண்டுத்தேனீக்கள் வந்து பூவுக்குள் தலையை விட்டுப் பின்பக்கத்தை ஆட்டுவதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். ஆனால் ஒரு காய்கூடத் தங்கவில்லை. அடுத்த வருடம் தங்கியது. ஓகஸ்ட் மழைக்குப் பிறகு காய்கள் ஒரு பக்கம் சிவக்கத் தொடங்கி, செப்டெம்பர் முடியும்போது மஞ்சளில் சிவப்புக் கோடு கோடாக ஓடி, யாரோ சிரத்தையெடுத்து வரைந்தது போல மின்னின.

"ஒண்டைக் கடிச்சுப் பாப்பமே?" என்று இந்திராதேவி கை நீட்டினார்.

"முதல் பழம் கோயிலுக்கு. பிறகு எல்லாரும் சாப்பிடுவம்."

விஜயதசமி அன்று ஒரு பிரம்புக் கூடையில் வாழையிலை விரித்து, பழங்களைத் துடைத்து அடுக்கி, வேட்டி உடுத்து அம்மருட் கோயிலுக்குக் கொண்டுபோனார். குருக்கள் வாங்கி அம்பாளின் காலடியில் வைத்தார். பூசை முடிந்து கூடை திரும்பி வந்ததும், பாலசிங்கம் வெளியே கார்த் தரிப்பிடத்தில் நின்ற நண்பர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். ஐந்து வருடம் காத்திருந்த மனிதர். கொடுத்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

முதலில் கடித்தவர் சண்முகலிங்கம். மீன் தொழிற்சாலைக் காலத்திலிருந்து நண்பர், இப்போது பஸ் ஓட்டுகிறவர், மனதில் பட்டதை மூடி வைக்கத் தெரியாதவர். கடித்தார். மெல்லாமல் நின்றார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. பிறகு அப்பால் போய், கோயில் எல்லையைத் தாண்டி, துப்பிவிட்டு வந்தார்.

"பாலா, இது என்ன சாமான்? புளித் தேசிக்காய்க்கு அப்பிள் தோல் போத்து வைச்சிருக்கிறாய்."

மற்றவர்களும் கடித்திருந்தார்கள். ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு பக்கமாகக் கோணிப் போயிருந்தது. பாலசிங்கம் ஒன்றை எடுத்துக் கடித்தார். பல் கூசி, தாடை இழுத்து, காதுக்குப் பின்னால் ஏதோ சுண்டியது. விழுங்கினார். அது அவர் வளர்த்த பழம். துப்ப மனம் வரவில்லை.

சண்முகலிங்கத்தின் மனைவி யோகாம்பாள் மட்டும் நிதானமாக இரண்டாம் தரமும் கடித்துப் பார்த்தார். "நிரோஜா, உள்ளை போய்க் கொஞ்சம் உப்பும் தூளும் வாங்கிக்கொண்டு வா பிள்ளை" என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார். உப்பும் மிளகாய்த்தூளும் வந்தன. கீறித் தொட்டு ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "மாங்காய்தான். அச்சு மாங்காய்" என்றார். பெண்கள் கூடையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் சுரேன் தன் கைத்தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினான். கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்கு வந்தவன், எதையும் உடனே தேடிப் பார்த்துவிடுகிற சுபாவம்.

"அங்கிள், இது சாப்பிடற ஆப்பிளே இல்ல. சைடர் ஆப்பிள்னு போட்டிருக்கு."

"சைடர் எண்டா?"

"டிரிங்க்ஸ் அங்கிள். புளிக்க வெச்சு ஆல்கஹால் எடுப்பாங்க. இங்கிலாந்துல நானூறு வருஷமா அதுக்குன்னே வளக்கிறாங்களாம்."

சண்முகலிங்கம் காரின்மேல் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினார். "எங்கடை திறப்பு எல்லாத்தையும் வாங்கி வைச்சவர், அம்பாளுக்குச் சாராய அப்பிள் கொண்டுவந்திருக்கிறார்" என்று அவர் மூச்சு வாங்க வாங்கச் சொன்னதும் தரிப்பிடம் முழுவதும் சிரித்தது. பாலசிங்கத்தின் முகம் அப்பிளைப் போலவே சிவந்தது. நேராக உள்ளே போய்க் குருக்களிடம் நடந்ததைச் சொன்னார்.

குருக்கள் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிக் கடித்து, முகத்தைச் சுளித்து, தண்ணீர் குடித்தார். "அம்பாள் பழத்தைத்தான் பாத்தவ. அதை மனுசர் என்ன செய்யினம் எண்டது மனுசற்றை பாடு. நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ, சோறு ஆறுது."

அன்று கார் அம்மருட்டிலிருந்து புறப்பட்டு மோர்டென்ஸ்ருட் வந்து சேரும்வரை இந்திராதேவி சிரித்தார். அடக்கப் பார்ப்பார், சுரங்கப்பாதைக்குள் போனதும் மறுபடி பீறிட்டுவிடும்.

"சிரிச்சு முடிஞ்சுதே?" என்றார் பாலசிங்கம்.

"இல்லை. இன்னும் கொஞ்சம் கிடக்கு."

மறுநாள் ஹன்னாவுக்குத் தொலைபேசி எடுத்தார். விசயத்தைச் சொன்னார். "பாலா, அன்றைக்கே நான் உனக்குச் சொன்னேனே" என்றாள். "புளிப்பான அப்பிள், சைடருக்கு மட்டும்தான் என்று சொன்னேன். நீ மிக நல்லது என்றாய். உனக்குச் சைடர் அவ்வளவு பிடிக்கும் என்று நினைத்து எனக்குச் சந்தோசமாகப் போய்விட்டது."

ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். மரத்தில் கடைசியாக எஞ்சியிருந்த பழங்களில் ஒன்றைப் பறித்து, சட்டையில் தேய்த்துக் கடித்தாள். அவள் முகமும் சுளித்தது. ஆனால் சுளித்த முகத்தோடு கண்களை மூடிக்கொண்டு, மெதுவாக, கடைசிவரை மென்றாள். உள்ளே சதையில் ஓடிய சிவப்பை விரலால் தொட்டுக் காட்டினாள். "அம்மாவின் ஊரில் இருப்பது இதேதான். இங்கே இந்தக் குளிரில் இப்படி வரும் என்று நான் நம்பவில்லை" என்றாள்.

தன் அப்பிளைக் கடித்து ஒருவர் சந்தோசப்பட்டதை அன்றுதான் பாலசிங்கம் பார்த்தார். மரத்தை வெட்டிவிட்டு வேறு நடலாமா என்று இரண்டு நாளாக மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்த யோசனை அங்கேயே நின்றுபோனது.

ஹன்னா ஒரு வழி சொன்னாள். இதைத் தனியாகப் பிழியக்கூடாது. இனிப்பான அப்பிளோடு கலந்தால் சாறு உயிர் பெறும். புளிக்க வைக்காமல் அப்படியே குடிக்கலாம். புளிக்க வைக்க விரும்புகிறவர்கள் தங்கள் பங்கைக் கொண்டுபோய் வைக்கலாம்.

"என்ரை பங்கு சாறாத்தான்" என்று பாலசிங்கம் முதலிலேயே சொல்லி வைத்தார்.

அடுத்த வருடம் மரம் கிளை தாங்காமல் காய்த்தது. இந்திராதேவி அந்த வருடம் வேலையைப் பாதி நாளாகக் குறைத்திருந்தார். ஒஸ்லோவில் செப்டெம்பர் மாதம் தெருவில் நடந்தால், வேலியோரமெல்லாம் பெட்டிகளில் அப்பிளை வைத்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி விட்டிருப்பார்கள். இவ்வளவு காலமும் அதைக் கடந்து போனவர், இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றை எடுத்துக் கடித்து, இனிப்பென்றால் வீட்டுக்காரரின் மணியை அடித்து இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அறிமுகமே இல்லாத வீடுகளில் கோப்பி குடித்துவிட்டு, கார் நிறைய அப்பிளோடு வந்தார்.

பிழிகிற நாள் ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை. நல்ல வெயில், காற்றில் குளிர். ஹன்னா அரைக்கும் பொறியையும் மரத்தாலான பிழியும் பொறியையும் தன் வண்டியில் கட்டிக் கொண்டுவந்தாள். கோயில் ஆட்கள் வந்தார்கள். வரிசை வீடுகளின் நோர்வேஜியர்கள் தங்கள் வாளிகளோடு வந்தார்கள். சுரேன் கழுவினான், துஷ்யா வெட்டினாள், சண்முகலிங்கம் பொறியின் பிடியைச் சுற்றினார். சுற்றச் சுற்றக் கத்திக் கத்தி ஆட்களுக்கு வேலை ஏவினார். செம்பு நிறத்தில் சாறு முதலில் சொட்டாகவும் பிறகு கயிறாகவும் இறங்கியது. குளவிகள் வந்து மொய்த்தன. யோகாம்பாள் நரிக்குட்டியில் ஒரு வாளியை முன்கூட்டியே ஒளித்து, ஊறுகாய்க்கு என்று தன் காரில் ஏற்றிவிட்டார்.

முதல் குவளை நிறைந்ததும் எல்லோரும் பாலசிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் குவளையை வாங்கி ஒரு மிடறு குடித்தார். முதலில் இனிப்பு வந்தது. அது திகட்டப் போகிற இடத்தில் புளிப்பு வந்து நாக்கைத் தட்டி எழுப்பியது. பிறகு மூக்கு வழியாகப் பூ மணம் போல ஒன்று ஏறியது. அவர் இன்னொரு மிடறு குடித்தார்.

"என்ன, சொல்லன்ரா" என்றார் சண்முகலிங்கம்.

பாலசிங்கம் குவளையை நண்பரிடம் நீட்டினார். சண்முகலிங்கம் குடித்துப் பார்த்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "போன வருசம் நான் சொன்னதை வாபஸ் வாங்கிறன்" என்றார். அவர் வாழ்க்கையில் எதையும் வாபஸ் வாங்கியதாக யோகாம்பாளுக்கு நினைவில்லை. பின்னேரம் குளிர் கூடியபோது இந்திராதேவி பெரிய பானையில் சாற்றை இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டுச் சுட வைத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டு நோர்வேஜியர் மூன்றாம் தரமும் குவளையை நீட்டினார்.

மிஞ்சிய சாற்றில் ஒரு பங்கை ஹன்னா கண்ணாடிக் கலங்களில் நிரப்பிக் கொண்டுபோனாள். அது அவள் வீட்டு நிலவறையில் பனிக்காலம் முழுவதும் புளித்துத் தெளிந்தது. மே மாதத்தில் மரம் மறுபடி பூத்திருந்த ஒரு ஞாயிறு மத்தியானம், போத்தில்களோடு வந்தாள். துஷ்யாவும் சண்முகலிங்கமும் யோகாம்பாளும் வந்திருந்தார்கள். ஹன்னா கண்ணாடிக் கிண்ணங்களில் சைடரை ஊற்றினாள். வழக்கம் தெரிந்தவள் என்பதால் பாலசிங்கத்துக்கும் இந்திராதேவிக்கும் மட்டும் சாற்றுப் போத்திலைத் திறந்தாள். இந்திராதேவி தன் கிண்ணத்தின் வாயைக் கையால் மூடினார்.

"எனக்கு மற்றது."

பாலசிங்கம் திரும்பிப் பார்த்தார். "நீர் குடிக்கிறேல்லையே."

"நீங்கள் குடிக்கிறேல்லை. என்னை ஆர் கேட்டது?"

"ஏன், இவ்வளவு காலமும் சொல்லேல்லையே."

"இவ்வளவு காலமும் ஒருத்தரும் கேக்கேல்லையே. உங்களுக்குக் குடுக்கேல்லை எண்டா எனக்கும் குடுக்கமாட்டினம். சோடா போத்திலைக் கொண்டுவந்து வைச்சிட்டுப் போவினம்."

பாலசிங்கம் ஹன்னாவின் கையிலிருந்த போத்திலைத் தானே வாங்கி, இந்திராதேவியின் கிண்ணத்தில் ஊற்றினார். பழக்கமில்லாத கை. நுரை பொங்கி வழிந்தது.

இந்திராதேவி குடித்தார். கண்ணைச் சிமிட்டினார். "நல்லா இருக்கு" என்றார், கறிக்கு உப்புப் பார்த்துச் சொல்வதைப் போல. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் பாதி கேட்டார். வெயிலும் பூவும் சைடரும் சேர்ந்து அவரை வாய் திறக்க வைத்தன.

"யோகம், நான் நோர்வேக்கு வந்த நாள் இவர் ஃபோர்னெபு விமான நிலையத்துக்குப் பூங்கொத்தோடை வந்தவர். வடக்கிலை இருந்து பிளேன் பிடிச்சு வந்தவர். கோட்டு, சூட்டு, எல்லாம் புதுசு. கிட்ட வந்தால் மீன் மணம். பூவை வாங்கி மணந்து பாத்தன், பூவிலையும் மீன் மணம்."

ஹன்னாவுக்குத் துஷ்யா மொழிபெயர்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பாலசிங்கம் சிரிக்கவில்லை. உண்மையாகவே திகைத்துப் போயிருந்தார்.

"மூண்டு தரம் குளிச்சிட்டெல்லோ வந்தனான்."

"ஓம், தலையெல்லாம் ஈரமாக் கிடந்தது. அதைக் கண்டுதான் ஒண்டும் சொல்லாமல் விட்டனான்."

அதற்குப் பிறகு பாலசிங்கமும் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். மனைவியின் கிண்ணத்தை வாங்கி ஒருமுறை மணந்து பார்த்தார். இந்த மணம் அவர் நினைத்திருந்த மணம் அல்ல. குடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லவும் இல்லை. கிண்ணத்தைப் பத்திரமாக மனைவியின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

ஜூன் மாதத்தில் பிஞ்சுகள் கொத்துக் கொத்தாகப் பிடித்தன. சிலதைக் கிள்ளி எறிந்தால்தான் மிச்சம் பருக்கும் என்று ஹன்னா சொல்லியிருந்தாள். பாலசிங்கத்துக்கு மனம் வரவில்லை. ஏணியில் ஏறி நின்று ஒவ்வொரு கொத்தையும் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டார். கீழே நின்ற இந்திராதேவி பொறுமை இழந்தார்.

"இறங்குங்கோ. நான் செய்யிறன்."

"பாத்துக் கிள்ளும். நல்லதைக் கிள்ளிப் போடாதையும்."

"எது நல்லதெண்டு எனக்குத் தெரியும்" என்றபடி இந்திராதேவி செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார். பாலசிங்கம் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேலேயிருந்து பச்சைப் பிஞ்சுகள் அவர் தலையிலும் தோளிலும் பொலபொலவென்று விழுந்தன.